எந்தக் கல்வெட்டு கதையாகிறது?

1950 அக்டோபரில் கல்கி தம் இதழில் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது, அவர் முன் சோழர் வரலாறு பெருமளவு விரிந்து கிடந்தது. நீலகண்ட சாஸ்திரியின் ஆங்கில நூல் 1930களிலேயே வந்துவிட்டது. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதி 1949இல் வெளிவந்தது. அவ்வளவு செய்திகளுள் கல்கி கதையின் அச்சாகக் கொண்டது ஆதித்த கரிகாலனின் கொலை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குற்றவாளிகளாகப் பெயர் சுட்டுகிறது; உறவினரின் உடைமைகளும் பறிமுதலானதைச் சொல்கிறது. கொல்லத் தூண்டியது யார், எதற்காக என்பவற்றைச் சொல்லவில்லை. பெயர்கள் உண்டு, தண்டனை உண்டு, காரணம் இல்லை. தொடர்கதை எழுதுபவருக்கு இதைவிட வாய்ப்பான கரு அரிது. நாவலை முடிக்கும்போதும் அவர் அந்த ஐயத்தை முற்றாகத் தீர்த்துவிடவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு திருமலைக் கோயிலில் உள்ளது. பொதுவாக 966ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படுகிறது. சத்திவிடங்கன் என்பானின் தேவியும் பல்லவப் பேர்கடையாரின் மகளுமான சாமவை, காடவன் பெருந்தேவி என்னும் மறுபெயர் உடையவள், வெள்ளியால் இறைவன் திருமேனி ஒன்றைச் செய்வித்து எழுந்தருளச் செய்கிறாள். அணிகலன்கள், நாள் வழிபாடு, நந்தா விளக்கு, புரட்டாசித் திருவிழா, அவற்றுக்கான நிலம் என யாவும் தமிழில் நுணுக்கமாகக் கணக்கிடப்படுகின்றன. இங்கும் காரணம் இல்லை. ஓர் அரசமரபுப் பெண் தன் செல்வத்தைத் தானே ஆண்டு, கருவறைத் தெய்வத்துக்கு இணையானதோர் உருவத்தை ஏன் படைத்தாள்?

இரண்டும் மௌனங்களே. ஆயினும் கொலையின் மௌனம் கேள்வியாகவும், கொடையின் மௌனம் பக்தி என்னும் விடையாகவும் படிக்கப்படுகின்றன. கதைக்குத் தகுதியானது எது என்பது சான்றின் வளத்தால் மட்டும் முடிவாவதில்லை. சாமவையின் கல்வெட்டு உடையார்குடியினதைவிடப் பொருள்வளம் மிக்கது. குறைவது பகைவன் ஒருவன்தான்; வார இதழுக்கு அவன் இன்றியமையாதவன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலவியலும் இதில் பங்கு கொள்கிறது. காவிரிக்கரை தமிழ் வாசகரின் கற்பனைக்குள் இருக்கிறது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. தொண்டை மண்டலத்தின் வடபகுதித் தமிழ்க் கல்வெட்டுகள் அதன்பின் இரு மாநிலத்தாருக்கும் ஓரப் பொருளாயின. சென்னையிலிருந்து நகரி வழியே ஏழுமலைக்குச் செல்லும் கூட்டத்தில் சாமவையின் பெயரறிந்தோர் சிலரே. மார்கழி நீங்கலாக, ஒவ்வோர் இரவும் ஏகாந்த சேவையில் ஊஞ்சற்கட்டிலில் துயில்விக்கப்படுவது அவள் அளித்த அந்த வெள்ளித் திருமேனிதான்.