பள்ளி விட்ட பிறகு: மாலை மன்றங்களும் அங்கே பழகிய இளைஞர்களும்

பள்ளிக்கூடம் விடுவதற்கும் பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும் இடையே உள்ள இரண்டு மூன்று மணி நேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த ஒரு பொழுது. அதற்கு முன் தொழில் நகரங்களின் ஏழைக் குழந்தைக்கு அப்படி ஒன்று வாய்க்கவே இல்லை. ஆலையிலோ பட்டறையிலோ அதன் பகல் முழுவதும் கரைந்துபோனது. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கியது. 1880-இல் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளி வருகை கட்டாயமானது. பிள்ளைகள் வந்தார்கள்; மாலையில் பள்ளி அவர்களைத் தெருவில் கொண்டுவந்து விட்டது. ஓரறை வீட்டில் தாய் பீஸ் கணக்கில் துணி தைத்துக்கொண்டிருந்தால், உள்ளே பிள்ளை உட்காரக்கூட இடம் இருக்காது. அந்தப் பொழுதை நிரப்ப வந்தவைதான் மாலை மன்றங்கள். அங்கே பிள்ளைகள் பெற்றது உண்டு. உதவி செய்யப் போன இளைஞர்கள் பெற்றது அதைவிட வியப்பானது. இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் சட்டப் புத்தகங்களிலும் அதன் தடம் இருக்கிறது.

இந்த மன்றங்களுக்கு முன்னோடியாக அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படுவது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1860-இல் தொடங்கிய சிறுவர் மன்றம். மேரி குட்வின், ஆலிஸ் குட்வின், எலிசபெத் ஹாமர்ஸ்லி என்ற மூன்று பெண்கள் தெருவில் திரிந்த பையன்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். ஆனால், படித்த இளைஞர்கள் கூட்டமாகச் சேரிப் பகுதிக்குப் போய்ப் பழகும் வழக்கத்துக்கு ஊற்று லண்டனில் இருக்கிறது. கிழக்கு லண்டனின் வைட்சாப்பலில் பாதிரியாராக இருந்த சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் 1884-இல் டாயின்பி ஹாலை நிறுவினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இளம் வயதிலேயே இறந்த பொருளியல் வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பணம் அனுப்பினால் போதாது, ஏழைகள் வாழும் தெருவிலேயே வந்து குடியிருங்கள் என்பதே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு பார்னெட் விடுத்த அழைப்பு. செட்டில்மென்ட் என்று பெயர் பெற்ற இல்லங்கள் இப்படித்தான் பரவின. பகலில் அலுவலகத்துக்குப் போய்விட்டு மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்போ விளையாட்டோ நடத்துவது அங்கே தங்கிய இளைஞர்களின் வழக்கமாயிற்று.

பள்ளி விட்ட பிறகான நேரத்தை அரசின் பொறுப்பாக மாற்றியவர் நாவலாசிரியர் மேரி வார்டு. புளூம்ஸ்பரியில் 1897-இல் திறக்கப்பட்ட பாஸ்மோர் எட்வர்ட்ஸ் செட்டில்மென்டில் அவர் பிள்ளைகளுக்கான விளையாட்டு நேரங்களைத் தொடங்கினார். கூட்டம் தாங்கவில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களையே ஏன் பயன்படுத்தக்கூடாது என்ற எளிய கேள்வியோடு அவர் நகர நிர்வாகத்தை அணுகினார். பள்ளிகளுக்குள் மாலை விளையாட்டு மையங்கள் வந்தன. உள்ளாட்சிக் கல்வி நிர்வாகங்கள் இத்தகைய மையங்களை நடத்தலாம் என்ற விதி 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தபோது, அதை அவர் பெயராலேயே அழைத்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதாடிய இயக்கத்தில் முன்னின்றவரும் இதே மேரி வார்டுதான். வாக்குரிமையில் அவர் எடுத்த நிலை தவறானது. குழந்தைகளுக்கு அவர் பெற்றுத் தந்தது பெரியது. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும்.

மன்றம் ஒரு மனிதரை எப்படி மாற்றும் என்பதற்கு கிளமென்ட் அட்லியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் 1883-இல் பிறந்தவர் அவர். படித்த பள்ளி ஹெய்லிபரி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியின் கட்டடங்களில்தான் பின்னாளில் அந்தப் பள்ளி அமைந்தது. பள்ளியின் பழைய மாணவர்கள் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் ஒரு சிறுவர் மன்றத்தை நடத்திவந்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்ட பையன்களுக்கான மாலை மன்றம் அது. 1905 அக்டோபரில், வழக்கறிஞர் தொழிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அட்லி தம் சகோதரருடன் சும்மா பார்த்து வரலாம் என்று அங்கே போனார். அப்போது அவருடைய அரசியல் பழமைவாதக் கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தது. ஏழைகள் ஏழைகளாக இருப்பதற்கு அவர்களுடைய சோம்பலும் ஊதாரித்தனமும் காரணம் என்று நம்பிய வகுப்பில் வளர்ந்தவர் அவர்.

வாரத்துக்கு ஒரு மாலை என்று தொடங்கியது மெல்லக் கூடியது. இயல்பிலேயே கூச்சம் மிகுந்தவர்; ஆனால் பையன்களுக்குக் கவாத்து பழக்கும் பொறுப்பு கிடைத்ததும் அந்தக் கூச்சம் விலகத் தொடங்கியது. 1907-இல் மன்றத்தின் மேலாளர் பதவியை ஏற்று அங்கேயே குடியேறினார். பேச்சாலும் அறிவுரையாலும் பையன்களைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம் அங்கே நிற்கவில்லை. அவர்களின் வீடுகளுக்குப் போனபோது, துறைமுகத்தில் இன்றைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லை என்ற நிலையில் தவித்த தகப்பன்களையும், அற்பக் கூலிக்கு இரவெல்லாம் தைத்த தாய்மார்களையும் பார்த்தார். கையில் இருந்த கொஞ்சத்தையும் பக்கத்து வீட்டுக்குப் பகிர்ந்துகொடுக்கும் குடும்பங்களைப் பார்த்தார். ஒரு நாள் தெருவில் கூட நடந்துவந்த சிறுமி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்; வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போகிறேன் என்றார் அவர். நானும் வீட்டுக்குத்தான் போகிறேன், தேநீர் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்றாள் அவள். பொருளாதாரப் புத்தகம் நூறு பக்கத்தில் சொல்வதை அந்தக் குழந்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டது. அட்லி 1908-இல் சுதந்திரத் தொழிற்கட்சியில் சேர்ந்தார்.

அதன்பின் அவர் சிறிது காலம் டாயின்பி ஹாலின் செயலராக இருந்தார். லண்டன் பொருளியல் பள்ளியில் சமூகப் பணி பற்றிப் பாடம் நடத்தினார். 1920-இல் அந்தத் துறை குறித்தே ஒரு நூல் எழுதினார். 1919-இல் ஸ்டெப்னியின் மேயர், 1922-இல் லைம்ஹவுஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1945-இல் பிரதமர். அவருடைய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகக் காப்புறுதித் திட்டத்தின் வரைபடம் 1942-ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கை. அதை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் 1903 முதல் 1905 வரை டாயின்பி ஹாலில் துணைக் காப்பாளராகப் பணியாற்றியவர். கிழக்கு லண்டனில் அடுத்தடுத்த காலத்தில் பழகிய இருவரின் கைகளில் அந்தத் திட்டம் முழுமை பெற்றது தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. இந்தியர்களுக்கு அட்லியை வேறு இரண்டு காரணங்களால் தெரியும். சென்னை உட்பட நாடெங்கும் கறுப்புக் கொடி காட்டப்பட்ட சைமன் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். 1947-இல் விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிய பிரதமரும் அவரே.

அட்லான்டிக்குக்கு அப்பால், 1888-இல் டாயின்பி ஹாலை நேரில் பார்த்துச் சென்ற ஜேன் ஆடம்ஸ், தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889 செப்டம்பரில் சிக்காகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். தொடங்கிய சில வாரங்களிலேயே மழலையர் வகுப்பும், பெரிய பிள்ளைகளுக்கு மாலை மன்றங்களும் நடந்தன. அந்த முதல் கிறிஸ்துமஸில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்தவர்கள். மிட்டாயைக் கண்ணால் பார்க்கவே அவர்களால் முடியவில்லை. அதே குளிர்காலத்தில் மன்றத்துக்கு வரும் மூன்று பையன்கள் ஒரே தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள், ஒருவன் இறந்துபோனான். மிகச் சிறிய செலவில் ஒரு தடுப்பைப் பொருத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது. ஆனால் நட்ட ஈடு கேட்க மாட்டோம் என்று பெற்றோரிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மிட்டாயை நீட்டிய கைகளுக்கு அன்று கிடைத்த பாடம் இதுதான்: மாலையில் விளையாட வரும் குழந்தையின் பகல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அந்த மாலையை நடத்துவதில் பொருளில்லை. விளைவு விரைவில் வந்தது. 1891-இன் இறுதியில் ஹல் ஹவுஸுக்கு வந்து தங்கிய ஃபுளோரன்ஸ் கெல்லி அக்கம்பக்கத்துப் பட்டறைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 1893-இல் இல்லினாய்ஸ் மாநிலம் 14 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்சாலையில் சேர்க்கத் தடை விதித்தது. பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணி நேரமாக வரையறுத்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் கெல்லியே. எட்டு மணி நேர விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1895-இல் செல்லாதாக்கியது. அது அன்றைக்குப் பெரிய பின்னடைவு. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1899-இல் சிக்காகோவில் சிறார்களுக்கென்று தனி நீதிமன்றம் அமைந்ததில் ஹல் ஹவுஸ் பெண்களின் உழைப்பு பெரிது. அங்கே வாழ்ந்த ஜூலியா லாத்ராப் 1912-இல் அமெரிக்க மத்திய அரசின் குழந்தைகள் நலத் துறைக்கு முதல் தலைவரானார்.

நியூயார்க்கிலும் இதே கதை. 1903-இல் பத்தொன்பதை எட்டிய எலினார் ரூஸ்வெல்ட், ரிவிங்டன் தெருவின் செட்டில்மென்டில் ஏழைச் சிறுமிகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்றுத்தந்தார். ஒரு நாள் ஒரு சிறுமிக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, எதிர்காலக் கணவர் ஃபிராங்க்ளினுடன் அவள் வீட்டுக்குப் போனார். மனிதர்கள் இப்படியும் வாழ்கிறார்களா என்று திகைத்து நின்றார், பின்னாளில் குடியரசுத் தலைவரான அந்த இளைஞர். 1912-இல் அயோவா மாநிலத்திலிருந்து கல்லூரி முடித்துவந்த ஹாரி ஹாப்கின்ஸ் கிறிஸ்டோடோரா இல்லத்தின் சிறுவர் கோடை முகாமில் உதவியாளராகச் சேர்ந்து, பின் அந்த இல்லத்திலேயே தங்கினார். பெருமந்தக் காலத்தில், 1935-இல், வேலையற்றோருக்கு வேலை தரும் மாபெரும் அரசுத் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரிடம்தான் ஒப்படைத்தார். உச்சத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் கூலி பெற்றார்கள்.

சட்டங்களை மட்டும் பேசிவிட்டு அந்த மாலைகளின் கைத்திறனைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்திருப்பது ஒரு தொழில். அதைத் தொழிலாகவே கருதிக் கற்பித்தவர் நீவா பாய்டு. 1920-களில் அவர் ஹல் ஹவுஸில் நடத்திய பயிற்சிப் பள்ளியில் பாடநூலைவிட விளையாட்டுக்கே முதலிடம். விதிகளைக் கண்டிப்பாகக் கொண்ட ஒரு நல்ல விளையாட்டு, கத்தாமலே கூட்டத்தை ஒழுங்குபடுத்தும்; விதிக்குக் கட்டுப்படும் பிள்ளை தலைமை ஏற்கவும் விட்டுக்கொடுக்கவும் தானே பழகும். நடத்துபவர் வெளியே நின்று ஏவாமல் உள்ளே நின்று ஆட வேண்டும். அங்கே 1924 முதல் 1927 வரை பயின்ற வயோலா ஸ்போலின், பின்னர் ஹாப்கின்ஸ் தலைமையிலான அதே அரசுத் திட்டத்தின் சம்பளத்தில் சிக்காகோவில் நாடகப் பொறுப்பாளராக வேலை செய்தார். பல மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சொல்லி விளக்க முடியாததை விளையாட்டாக்கிக் காட்டினார். இன்று உலகெங்கும் நாடகப் பட்டறைகளில் ஆடப்படும் ஆயத்தமில்லா நடிப்பு விளையாட்டுகள் பலவற்றின் வேர் அந்த மாலை வகுப்புகளில் இருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. அமெரிக்காவின் பல செட்டில்மென்டுகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் ஜேனி போர்ட்டர் பாரெட் 1890-இல் தம் வீட்டிலேயே கறுப்பினச் சிறுமிகளுக்குத் தையல் வகுப்பு தொடங்கி அதை ஒரு செட்டில்மென்டாக வளர்த்தார். பணக்காரத் தெருவிலிருந்து வந்து இறங்கியவர் அல்லர் அவர். அந்த மக்களில் ஒருவராகவே அவர்களுக்கு உழைத்தார். இன்னொரு குறை, வந்தவர்கள் நிலைக்காதது. மாணவன் ஆறு மாதத்தில் ஊர் திரும்பிவிடுவான். அவனிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளை மறுபடி வாசலில் நிற்கும். நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும் என்ற உணர்வு இந்த அனுபவத்தில் பிறந்தது. நியூயார்க்கில் 1898-இல் ஆறு வாரக் கோடைப் பயிற்சி நடந்தது. சிக்காகோவில் ஹல் ஹவுஸ் வட்டத்துப் பெண்கள் வளர்த்த பயிற்சிப் பள்ளி 1920-இல் பல்கலைக்கழகத்தின் துறையாயிற்று.

சிக்காகோவில் முனைவர் பட்டம் பெற்ற கிளிஃபோர்டு மன்ஷார்ட் அந்த மரபை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1920-களின் நடுவில் பம்பாயின் நாக்பாடாவில் ஒரு செட்டில்மென்ட் இல்லத்தை அவர் அமைத்தார். 1936-இல் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு பம்பாயில் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளிக்கு அவரே முதல் இயக்குநர். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என இன்று அறியப்படுவது அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். இத்தகைய பள்ளிகளில் வகுப்பறைப் பாடத்துக்குச் சமமான இடம் களப்பணிக்கு உண்டு. மாணவர் வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் ஒரு குடியிருப்புக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போகிறார். பிள்ளைகளைக் குழுவாகச் சேர்க்கிறார். அன்று நடந்ததை, தாம் செய்த தவறு உட்பட, குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறார். இருவரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் பேசிய பிறகே அடுத்த வாரத்துக்கான திட்டம் எழுதப்படுகிறது.