ஆங்கிலச் சொற்றொடர் வினைகள்

சொற்றொடர் வினை அல்லது பிரேசல் வெர்ப் என்பது ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லும் அதன் பின் வரும் ஒன்று அல்லது இரண்டு சிறுசொற்களும் சேர்ந்து ஒரே வினையாக நின்று பொருள் தருவதாகும். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர், பேக், அவே முதலியவை இத்தகைய சிறுசொற்கள். பெரும்பாலான சொற்றொடர் வினைகளின் பொருளை அவற்றின் உறுப்புகளின் தனிப்பொருளைக் கூட்டி அறிய இயலாது. எடுத்துக்காட்டாக, ‘கிவ்’ என்பது கொடு, ‘அப்’ என்பது மேலே; ஆனால் ‘கிவ் அப்’ என்பதன் பொருள் கைவிடு என்பதாகும். இதனால் தமிழ்வழியில் பயின்ற மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கடினமான பகுதிகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. எனினும் இதே இயல்புடைய வினைகள் தமிழிலும் ஏராளமாக உள்ளன.

பெயரும் வரலாறும்

பழைய ஆங்கிலத்தில் திசை காட்டும் சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னொட்டாக வந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை படிப்படியாக வினைக்குப் பின் இடம்பெயர்ந்தன. 1755-ஆம் ஆண்டு வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இவ்வகை வினைகள் அயல்மொழியினருக்குப் பெரும் இடர் தருவன என்று குறிப்பிட்டு, அவற்றைத் தனிக்கவனத்துடன் தொகுத்தார். ‘பிரேசல் வெர்ப்’ என்னும் பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட தமது நூலில் பயன்படுத்தினார். அப்பெயரை அவருக்குப் பரிந்துரைத்தவர் ஆக்சுபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி ஆவார்.

வகைகள்

சொற்றொடர் வினைகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* செயப்படுபொருள் குன்றியவை: கெட் அப் (எழுந்திரு), பிரேக் டவுன் (பழுதாகி நில்), டர்ன் அப் (வந்து சேர்).
* செயப்படுபொருளை இடையில் ஏற்பவை: பிக் அப் (எடு), ஃபில் இன் (நிரப்பு), புட் ஆஃப் (ஒத்திவை). இவற்றில் செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் இடையிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயராயின் இடையில் மட்டுமே வரும். ‘பிக் இட் அப்’ என்பது சரி. ‘பிக் அப் இட்’ என்பது பிழை.
* செயப்படுபொருளை இடையில் ஏற்காதவை: லுக் ஆஃப்டர் (பார்த்துக்கொள்), கம் அக்ராஸ் (தற்செயலாகக் காண்). இங்கு ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதே சரி.
* இரண்டு சிறுசொற்களை ஏற்பவை: புட் அப் வித் (பொறுத்துக்கொள்), லுக் ஃபார்வர்டு டு (ஆவலுடன் எதிர்பார்), ரன் அவுட் ஆஃப் (தீர்ந்துபோகப் பெறு).

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் உறுப்புகளின் பொருளைக் கடந்து நிற்கும் வினைகள் இரு வழிகளில் அமைகின்றன.

முதலாவது, ஒரு பெயர் அல்லது இடம் குறிக்கும் சொல் வினைக்கு முன் வந்து சேர்வது. ‘மேற்கொள்’ என்பதில் மேல், கொள் என்னும் இரண்டும் உள்ளன. அதற்கு நேரான ஆங்கில வினையாகிய ‘டேக் அப்’ என்பதிலும் கொள்ளுதலும் மேலும் உள்ளன. புறம், படு என்பன சேர்ந்து ‘புறப்படு’ ஆனது. ஆங்கிலத்தில் ‘செட் அவுட்’ என்பதிலும் புறத்தைக் குறிக்கும் ‘அவுட்’ வருகின்றது. ‘வெளியிடு’ என்பதற்கு நேரான ‘பிரிங் அவுட்’ என்பதும் இவ்வாறே. தமிழில் முன் நிற்பது ஆங்கிலத்தில் பின் நிற்கின்றது என்பதே இவற்றிடையே உள்ள பெரிய வேறுபாடு.

இரண்டாவது, வினையெச்சத்தின் பின் மற்றொரு வினை வந்து சேர்வது. ‘பார்த்துக்கொள்’ என்பதில் பார்த்தலும் கொள்ளுதலும் இருப்பினும் அதன் பொருள் பேணுதல். ஆங்கில ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் பார்த்தலைக் குறிக்கும் ‘லுக்’ என்னும் வினையிலிருந்தே பிறந்தது. ‘தள்ளிப்போடு’ என்பதில் போடுதல் இல்லை. ‘புட் ஆஃப்’ என்பதிலும் இல்லை. ‘கண்டுபிடி’ என்பதில் எதையும் கையால் பிடிப்பதில்லை. அதற்கு நேரானது ‘ஃபைண்ட் அவுட்’.

சில சிறுசொற்கள் தமிழ்த் துணைவினைகளைப் போலவே செயலின் தன்மையைக் காட்டுகின்றன. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ முதலியவற்றில் ‘அப்’ என்பது செயல் முழுமையடைந்ததைக் காட்டும். தமிழில் ‘தின்றுவிடு’ என்பதில் ‘விடு’ அப்பணியைச் செய்கின்றது. ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’ என்பவற்றில் ‘ஆன்’ தொடர்ச்சியைக் காட்டும். தமிழில் ‘கொண்டிரு’ அதற்கு ஒப்பானது. ஆயினும் இவை போக்குகளே அன்றி விதிகள் அல்ல. ‘கிவ் அப்’ என்பதில் உள்ள ‘அப்’ மேற்கண்ட விளக்கத்துள் எளிதில் அடங்குவதில்லை.

இதே காரணத்தால் தமிழைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் பிழையில் முடியும். ‘விளக்கைப் போடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘புட்’ என்னும் வினை மட்டும் தனித்துப் பொருந்தாது. ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’ என்பது பொது வழக்கு. ‘புட் அவுட்’ என்றால் நெருப்பையோ விளக்கையோ அணைத்தல் என்று பொருள்படும்.

தமிழ்ப் பேச்சு வழக்கில்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்காதவர்களும் சில சொற்றொடர் வினைகளின் பெயர் வடிவங்களை அன்றாடம் வழங்குகின்றனர். அவற்றுள் சில தமிழில் பொருள் மாறியுள்ளன.

* மேக்கப்: தமிழில் ஒப்பனை மட்டும். ஆங்கில வினையாகிய ‘மேக் அப்’ என்பதற்குக் கற்பனையாகப் புனைதல், பிணக்குத் தீர்ந்து சேர்தல் ஆகிய பொருள்களும் உண்டு.
* கெட்டப்: நடிகரின் வேடத் தோற்றம். ஆங்கில வினை ‘கெட் அப்’ என்பதற்கு எழுந்திரு என்பது முதன்மைப் பொருள்.
* பில்டப்: தமிழில் மிகைப்படுத்திப் பேசுதல். ஆங்கில வினைக்குச் சிறிது சிறிதாகப் பெருக்குதல், பெருகுதல் என்பன பொருள்.
* லாக்கப்: காவல் நிலையச் சிறையறை. வினையாக வரும்போது பூட்டிவைத்தல்.
* பிக்கப்: வண்டி வேகமெடுக்கும் திறன். வினையாக வரும்போது எடுத்தல், வண்டியில் ஏற்றிக்கொள்ளுதல், கேட்டுப் பழகிக் கற்றல் முதலியன.
* பேக்கப்: தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இது இரு வேறு சொற்களாகும். ஒன்று திரைப்படப் படப்பிடிப்பு முடிந்து மூட்டை கட்டுதல். மற்றொன்று கணினிக் கோப்பின் மறுபடி.

ஆங்கிலத்தில் இவை பெயராக வரும்போது ஒரே சொல்லாகவோ இணைகோட்டுடனோ எழுதப்பட்டு முதற்பகுதியில் அழுத்தம் பெறும். வினையாக வரும்போது இரு சொற்களாக எழுதப்பட்டுப் பெரும்பாலும் சிறுசொல்லில் அழுத்தம் பெறும்.

‘ஆஃப் செய்’, ‘ஆன் செய்’ என்னும் வழக்குகளில் ஆங்கில வினை நீங்கிச் சிறுசொல் மட்டும் தமிழ் வினையுடன் சேர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் வினையின்றி அவ்வாறு கூறுவதில்லை.

வேளாங்கண்ணியும் பயண வழக்குகளும்

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே அமைந்துள்ள வேளாங்கண்ணிக்கு, குறிப்பாக ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் ஆண்டு விழாவின்போது, பல மொழி பேசும் பயணிகள் வருகின்றனர். இத்தகைய ஊர்களில் ஆங்கிலமும் இணைப்பு மொழிகளுள் ஒன்றாகப் பயன்படுகின்றது. விடுதிகளில் வழங்கும் ‘செக்-இன்’, ‘செக்-அவுட்’ என்பனவும் சொற்றொடர் வினைகளின் பெயர் வடிவங்களே. பயணம் தொடர்பான பிற வினைகள் வருமாறு:

* செட் அவுட், செட் ஆஃப்: பயணம் புறப்படு.
* சீ ஆஃப்: வழியனுப்பு.
* கெட் ஆன், கெட் ஆஃப்: பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றில் ஏறு, இறங்கு.
* கெட் இன், கெட் அவுட் ஆஃப்: மகிழுந்து, தானி ஆகியவற்றில் ஏறு, இறங்கு.

பேருந்திலிருந்து இறங்குவதை இந்திய ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ என்பர். பிரித்தானிய, அமெரிக்க வழக்குகளில் மரம், ஏணி, சுவர் போன்றவற்றிலிருந்து கீழே இறங்குவதற்கே அது பொதுவாக வரும். இவ்வாறே படிப்பை முடித்து வெளியேறுவதை இந்தியாவில் ‘பாஸ் அவுட்’ என்பர். பிரித்தானியாவில் படைப்பயிற்சி நிறைவுக்கு இது வழங்கினும், பொதுவழக்கில் மயங்கி விழுதல் என்றே கொள்ளப்படும். ‘கோப் அப் வித்’ என்பது இந்தியாவில் பரவலாகக் கேட்கப்படுவது. பொது ஆங்கிலத்தில் ‘அப்’ இன்றிக் ‘கோப் வித்’ என்றே வரும். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பம் எழுதுவோர் இவ்வேறுபாடுகளை அறிந்திருத்தல் நலம்.

வேளாண்மையும் இயற்கை இடர்களும்

ஒரே வினை வெவ்வேறு சிறுசொற்களுடன் வேறுபட்டு நிற்பதற்குக் காவிரிப் படுகையின் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டுகள் தரலாம். ஆறு, வாய்க்கால், கிணறு ஆகியவை நீரற்று வறண்டுபோவது ‘ட்ரை அப்’. மழையில் நனைந்த நெல்லின் ஈரம் உலர்வது ‘ட்ரை அவுட்’. தமிழில் வறளுதல், உலர்தல் என இரு வினைகள் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் இங்குச் சிறுசொல்லால் காட்டுகின்றது.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. இத்தகைய இடர்களைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைப் படிப்போர்க்குக் ‘கட் ஆஃப்’ (துண்டிக்கப்படு), ‘ப்ளோ டவுன்’ (காற்றால் வீழ்த்து), ‘ரன் அவுட்’ (இருப்புத் தீர்), ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’ ஆகியவை அடிக்கடி எதிர்ப்படும். இறுதி இரண்டும் மயங்கத்தக்கவை. ‘புட் ஆஃப்’ என்றால் தேர்வோ பயணமோ வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ‘கால் ஆஃப்’ என்றால் அது முற்றிலும் கைவிடப்பட்டது. முன்னதைப் பின்னதாகக் கொள்ளும் மாணவர் மாற்றுத் தேர்வைத் தவறவிட நேரலாம்.

அலுவலகத்திலும் கல்வியிலும் வருபவை

* ஃபில் இன்: படிவத்தை நிரப்பு.
* ஹேண்ட் இன்: ஆசிரியரிடமோ அலுவலகத்திலோ ஒப்படை.
* ஹேண்ட் அவுட்: பலருக்கும் வழங்கு.
* லுக் அப்: அகராதி முதலியவற்றில் தேடிப் பார்.
* டர்ன் டவுன்: வேண்டுகோளை மறு, ஒலியைக் குறை.
* டேக் ஓவர்: பொறுப்பை ஏற்றுக்கொள்.

கற்கும் முறை

டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் ஆகியோர் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானியத் தேசியத் தரவகத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, 20 வினைகள் 8 சிறுசொற்களுடன் சேர்ந்து உருவாக்கும் சேர்க்கைகளே மொத்தச் சொற்றொடர் வினை வழக்கில் பாதிக்கு மேல் அமைகின்றன. 2015-இல் மெலோடி கார்னியர், நார்பர்ட் சுமிட் ஆகியோர் அதிகம் வழங்கும் 150 சொற்றொடர் வினைகளையும் அவற்றின் முதன்மைப் பொருள்களையும் பட்டியலிட்டனர். எனவே ஆயிரக்கணக்கானவற்றை மனப்பாடம் செய்வதினும், அடிக்கடி வருவனவற்றை முதலில் கற்பது பயனுடையது.

* ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாகக் கருதி முழு வாக்கியத்துடன் குறித்துக்கொள்ளுதல்.
* அச்சிட்ட அகராதிகளில் இவை பெரும்பாலும் தலைமை வினையின் பதிவுக்குள் இறுதியில் தரப்படுவதால், அப்பதிவை இறுதிவரை படித்தல்.
* ஒரே சொற்றொடர் வினைக்குப் பல பொருள்கள் இருப்பின், முன்பின் வாக்கியங்களைக் கொண்டு உரியதைத் தெரிதல்.
* நேரான தமிழ் வினையை எழுதும்போது ‘ஒத்திவை’, ‘பார்த்துக்கொள்’, ‘கைவிடு’ போன்ற தமிழ்க் கூட்டுச்சொற்களுடன் இணைத்து நினைவில் நிறுத்துதல்.

இவற்றையும் பார்க்க

* துணைவினை
* கூட்டுவினை
* மரபுத்தொடர்
* இந்திய ஆங்கிலம்