பொங்கலுக்குக் கரும்பு, ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டி

உடுப்பிட்டியில் கரும்பு விளைவதில்லை. ஆனாலும் தைப்பொங்கலுக்கு முதல் வாரம் நெல்லியடிச் சந்தைக்குப் போனால், வெளி மாவட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்கிய கரும்புக் கட்டுகள் சுவரோடு சாத்தி நிற்கும். ஊரில் இல்லாத பயிர் ஊரின் அறுவடைத் திருநாளுக்கு அடையாளமானது எப்படி? வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இது கன நாளாக மனதில் கிடக்கிற கேள்வி.

கரும்பு தமிழ்நாட்டுக்கே வந்தேறிய பயிர்தான். அதியமானின் முன்னோர் அதைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். பட்டினப்பாலையில் கரும்பாலைப் புகை பட்டு வயலில் நிற்கும் நெய்தற்பூ வாடுகிறது. ஆலை வயலோரத்திலேயே இருந்திருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் இனிப்புக் குறையும். பிழிந்த சாறு சில மணித்தியாலத்தில் புளிக்கும். ஆகவே எந்தத் துண்டை எந்த நாளில் வெட்டுவது, கொப்பரை எப்போது வெறுமையாகும் என்ற கணக்குத்தான் கரும்புச் செய்கையின் உயிர். 10 கிலோ கரும்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோ வெல்லம். மார்கழி, தைப் பனியில் தண்டில் இனிப்பு ஏறும். நெல்லறுப்பும் அதே காலத்தில் வரும். காவிரிக்கரையில் புத்தரிசியும் புது வெல்லமும் ஒரே பானைக்குள் விழுந்தது இப்படித்தான்.

(சர்க்கரை என்ற சொல்லும் கன தூரம் போயிருக்கிறது. அரபியில் அது சுக்கர். அரபிகளின் காலத்தில்தான் கரும்பு எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் பரவியது. கற்கண்டுக்கு வட இந்தியாவில் மிஸ்ரி என்பார்கள், மிஸ்ர் என்றால் எகிப்து. எங்கள் சீனியில் சீனா இருக்கிறது. ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் இத்தனை நாடு.)

யாழ்ப்பாணத்தில் நெல் உண்டு. காலபோக நெல் தை, மாசியில் அறுப்புக்கு வரும். ஆனால் கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நின்று தண்ணீர் குடிக்கிற பயிர். இங்கே ஆறில்லை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிற்கும் கிணற்று நீர்தான். துலா மிதித்து இறைத்த அந்தத் தண்ணீரைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விட்டார்கள். கரும்புக்கு ஒரு வருடம் இறைக்க எவருக்குக் கட்டும்? அரசாங்கம் கரும்பு ஆலை வைத்ததுகூட பெரிய குளம் இருந்த கந்தளாயில்தான். செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு 1960 அளவில் தொடங்கிய அந்த ஆலையும் 1993 இல் மூடப்பட்டது.

எங்களுடைய கரும்பு பனை. இறைக்கத் தேவையில்லாத கரும்பு. சொல்லே சாட்சி. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு, பனையின் இனிப்பு நீர் கருப்பநீர். இரண்டுக்கும் ஒரே வேர் என்றுதான் நாம் கொள்கிறோம்.

வேலையும் கரும்பு வேலை போலவே அவசரமானது. பாளையை நாளுக்கு இரண்டு தரம் சீவவேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். பூசாவிட்டால் கள். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம்: ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவில் நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. பிறகு பன்னாடையில் வடித்து, தாச்சியில் விட்டு, பனைமட்டை எரித்து, பாகு பதம் வரும்வரை துழாவி, ஓலைக் குட்டான்களில் வார்ப்பார்கள். ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டு லீற்றர் அளவு கருப்பநீர் வேண்டும்.

இப்போது மாதங்களைப் பாருங்கள். பனை சீவத் தொடங்குவதே தை, மாசியில்தான். தைப்பொங்கல் பானைக்குள் போடுவது போன வருடக் குட்டான், இல்லாவிட்டால் கடைச் சர்க்கரை. புதுப் பனங்கட்டி வீடு நிறையக் கிடப்பது ஆடியில். ஆடி முதலாம் நாள்தான் ஆடிப்பிறப்பு, பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) பாட்டை இங்கே பாடாத பிள்ளை இல்லை. தைப்பொங்கல் நெல்லின் அறுவடைத் திருநாள். ஆடிப்பிறப்பைப் பனையின் அறுவடைத் திருநாள் என்று சொல்லலாம் என்பது எங்கள் எண்ணம். அது பொங்கலுக்குத் தம்பி அல்ல.

பாட்டு நிற்கிறது, பனங்கட்டிதான் குறைகிறது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் வந்தது. பக்கத்துத் திக்கத்தில் வடிசாலையும் உண்டு. ஆனால் கள்ளை இறக்கிய கையோடு விற்கலாம். பனங்கட்டிக்கு விறகு வேண்டும், அடுப்படியில் மணிக்கணக்கில் ஒரு பெண் நிற்கவேண்டும், அவளுடைய கூலியை விலையில் எவரும் சேர்ப்பதில்லை. மரமேறி விழுந்தவரின் பிள்ளை மரமேற மறுப்பதையும் குறை சொல்ல ஏலாது. அந்தத் தொழிலைச் செய்தவர்களைக் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். சந்தையில் சில குட்டான்களுக்குள் சீனிப்பாகும் கலந்திருக்கிறது. அதாவது பனங்கட்டிக்குள்ளும் கப்பலேறி வந்த கரும்பு.

உடுப்பிட்டி, இமையாணன், வல்வெட்டித்துறைப் பக்கம் இன்னமும் சுண்ணாம்பு முட்டி கட்டி, வீட்டுத் தாச்சியில் காய்ச்சுகிறவர்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரும் ஆனிக்குள், அடுப்பு எரிகிற நேரம் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.