டயல் விளக்கு எழுத்தாக மாறிய கதை

கார் ரேடியோவின் முகப்பு விளக்கு எரியாமல் போனால் இன்று அதைப் பழுது என்கிறோம். 1950களில் அது வைப்பர் ரப்பர் தேய்வதைப் போன்ற சங்கதி. தேயும், மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இடைப்பட்ட காலத்தில் மின்னணுவியல் சிக்கலாகிவிட்டது, அதனால் பழுதுபார்ப்பதும் கடினமாகிவிட்டது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. முகப்பு விளக்கு பழுதாகும் விதம் இன்றும் மிக எளிமையானது. மின்சாரம் வருகிறதா, விளக்கு உயிரோடு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில் பெரும்பாலும் முடிந்துவிடும். மாறியது விளக்கின் வேலை. ஒரு காலத்தில் அது எழுத்தின் மேல் விழுந்த வெளிச்சம். பிறகு அதுவே எழுத்தாயிற்று. விளக்கை நாம் இப்படி முழுக்க நம்பத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் அதை மாற்றும் வழியும் அடைக்கப்பட்டது.

அமெரிக்காவில் பால் கேல்வினின் நிறுவனம் 1930இல் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. ஜெர்மனியில் 1932இல் பிளாபுங்க்ட்டின் ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5 வந்தது. எடை ஏறத்தாழ 15 கிலோ. இவ்வளவு பெரிய பெட்டியை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க முடியாது. ஆகவே பெட்டி ஓர் ஓரத்தில் இருக்க, ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறு கட்டுப்பாட்டுத் தலை மட்டும் பொருத்தப்பட்டது. அதன் டயலில் எண்களும் முள்ளும் உண்டு. இரவில் அவை தெரிய ஒரு குட்டி பல்பும் உண்டு. ஓடும் காரில் ரேடியோ கவனத்தைக் கலைக்கும் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தடை பற்றியே பேச்சு எழுந்த காலம் அது. எனவே இரவில் டயலைச் சட்டெனப் படிக்க முடிவது வெறும் அலங்காரம் அல்ல. ஆனாலும் அந்த பல்பு போனால் இழப்பது இரவு வசதியை மட்டுமே. விடிந்ததும் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது சூரிய வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். எழுத்து மையால் அச்சானது; விளக்குக்கும் அதற்கும் உயிர்த்தொடர்பு இல்லை.

அந்த பல்புகளின் அமைப்பைப் பார்த்தால் அக்காலத் தயாரிப்பாளர்களின் எண்ணம் புரியும். 6.3 வோல்ட்டுக்கான 44ஆம் எண் பல்பு 250 மில்லி ஆம்பியர் எடுக்கும். 47ஆம் எண் 150 எடுக்கும். இரண்டும் அழுத்தித் திருப்பினால் கழன்று வரும் பிடி கொண்டவை. எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே எண், ஒரே அளவு; வீட்டு ரேடியோவில் எரிந்ததே காரிலும் எரிந்தது. 1946இல் ஹோவர்ட் சாம்ஸ் இண்டியானாபொலிஸில் தொடங்கிய போட்டோஃபாக்ட் மடிப்பேடுகள், ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்துச் சுற்றுப்படங்களும் உதிரிப்பாகப் பட்டியலும் தந்தன. டயல் பல்பின் எண்ணும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் பெற்றது. டங்ஸ்டன் இழை சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அது எப்படிச் சாகும் என்பதும் தெரியும். இழையின் ஆயுள், மின்னழுத்தத்தின் ஏறத்தாழ பன்னிரண்டாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். பின்னாளில் 12 வோல்ட் கார்கள் பரவியபோது இந்தக் கணக்குக்கு மதிப்புக் கூடியது. எஞ்சின் ஓடும்போது அந்தக் கார்களில் இருப்பது 14 வோல்ட்டுக்கு அருகில். சரியாக 12 வோல்ட்டுக்குச் செய்த பல்பை அங்கே போட்டால் ஆயுள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். பல்பு சாகும் என்று தெரிந்தவர்கள் அதைக் கழற்றும் வழியையும் சேர்த்தே வரைந்தார்கள். இதைப் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாத நேர்மை.

திருப்பம் 1970, 80களில் வந்தது. 1967இல் ஜப்பானின் இசே எலக்ட்ரானிக்ஸில் டடாஷி நகமுரா உருவாக்கிய வெற்றிட ஒளிர்திரை தானே ஒளிரும். அதன் நீலப்பச்சை இலக்கங்கள் ஏராளமான கார்களில் ஒளிர்ந்தன. போட்டியாக வந்த எல்சிடி தானாக ஒளிராது. அது வெறும் கதவு. பின்னாலிருந்து வரும் ஒளியை மறைக்கும் அல்லது விடும். தொடக்க கால எல்சிடிகளில் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதனால் பகலில் விளக்கின்றியும் ஓரளவு படிக்கலாம். கறுப்புப் பின்னணியில் ஒளிரும் எழுத்து மோஸ்தரானபோது அந்தச் சலுகையும் போயிற்று. இப்போது பின்விளக்கு செத்தால் நடுப்பகலிலும் திரை கறுப்புச் சதுரம்தான். ரேடியோ பாடும், எந்த நிலையம், எந்த அலைவரிசை என்று தெரியாது. அதே சமயம், ஜெர்மன் தரத்திலிருந்து பிறந்த ஐஎஸ்ஓ 7736 அளவு, 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட துளைக்குள் ரேடியோ, கேசட், கடிகாரம் எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னது. பல்பு அரிசி மணி அளவுக்குக் குறுகியது. பச்சை, ஆரஞ்சு நிற சிலிகான் தொப்பி போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் பலகையில் சால்டர் செய்யப்பட்டு உட்கார்ந்தது. இழை அதே டங்ஸ்டன், சாவும் அதே சாவு. மாற்றும் வழி மட்டும் இல்லை. எல்இடியின் நீண்ட ஆயுளைக் காரணமாகக் காட்ட முடியாத காலத்திலேயே அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

திருட்டைத் தடுக்கவே பெட்டியை இறுக்க நேர்ந்தது என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 1980களிலும் 90களிலும் கார் ரேடியோ திருடர்களுக்குப் பிடித்த சரக்கு. அதனால்தான் கழற்றக்கூடிய முகப்பும் ரகசிய எண்ணும் வந்தன. ஆனால் கழற்றக்கூடிய முகப்பே இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி. உரிமையாளர் தினமும் கழற்றிப் பையில் போடும்படி ஒரு முகப்பைச் செய்ய முடிந்தவர்களுக்கு, அதற்குள் இருக்கும் பல்பைக் கழற்றும்படி செய்வது ஒரு பெரிய வித்தையா? ரகசிய எண்ணோ விவகாரத்தை இன்னும் மோசமாக்கியது. பழுதுபார்க்க ரேடியோவை வெளியே எடுத்தால் மின் இணைப்பு அறுந்து, அது எண்ணைக் கேட்கும். எந்த இலக்கம் பதிந்தது என்பதைக் காட்ட வேண்டிய திரையோ இருட்டு.

வலுவான மறுப்பு எல்இடி பற்றியது. 1993இல் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைத் தந்தார். 1996இல் வெள்ளை எல்இடி சந்தைக்கு வந்தது. சரியான மின்னோட்டத்தில் எரியும் எல்இடி காரைவிட நீண்ட காலம் வாழலாம்; பின்னே அதை மாற்றும் வழி எதற்கு? எல்இடியைத் தனியே எடுத்துக்கொண்டால் வாதம் சரி. ஆனால் அது தனியே இருப்பதில்லை. 14 வோல்ட்டை அதற்கு ஏற்றபடி குறைக்க ஒரு மின்தடை வேண்டும். அது சூடாகி, ஆண்டுக்கணக்கில் பலகையைப் பழுப்பாக்கி, தன் காலடியில் உள்ள சால்டரில் விரிசல் விழ வைக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு கொதிக்கும், இரவில் குளிரும்; அதோடு சாலை அதிர்வு. விளக்கு செத்துவிட்டது என்று வரும் எத்தனையோ பெட்டிகளில் விளக்கு நன்றாகவே இருக்கும், இணைப்புதான் விட்டிருக்கும். நீண்ட ஆயுள் என்ற வாக்குறுதி ஓர் உறுப்புக்குத்தான் பொருந்தும். மூடியதோ முழுப் பெட்டியை.

மூடியதைத் திறந்தவர்கள் கற்ற பாடங்களும் இந்த வரலாற்றில் சேரும். இழை பல்பு இருந்த இடத்தில் எல்இடியைப் பொருத்துவது பார்க்கச் சுலபம். பல்புக்கு நேர், எதிர் முனை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பல்பு எல்லாத் திசையிலும் ஒளி விடும்; எல்இடி முன்னோக்கிப் பாய்வதால் திரையின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டும் ஓரங்களில் மங்கலும் விழும். அதைப் பரப்ப முனையை மணல்தாளால் தேய்ப்பார்கள். நிறத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். ஒளிக்கு நிறம் தரும் பழைய பச்சை வடிதாள் டங்ஸ்டனின் மஞ்சள் ஒளியை எண்ணிச் செய்தது. அதன் பின்னால் நீலம் கலந்த வெள்ளை எல்இடியை வைத்தால் முகப்பின் மற்ற விளக்குகளோடு நிறம் ஒட்டாது. இந்த அறிவு எதுவும் தயாரிப்பாளரின் கையேட்டில் வந்ததல்ல.

இன்று ரேடியோ தனிப் பெட்டியாகவே இல்லை; காரின் நடுத்திரைக்குள் கரைந்துவிட்டது. 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கத் தயாரிக்கப்படும் புதிய கார்களில் பின்புறக் கேமராக் காட்சி கட்டாயம், பெரும்பாலும் அதுவும் இதே திரையில்தான் வரும். ஆகவே இருண்ட திரை பாட்டோடு நிற்பதில்லை, சட்டத்தையும் தொடுகிறது. 2021இல் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தபோது கோளாறு பின்விளக்கில் அல்ல, எழுதி எழுதித் தேய்ந்த நினைவகச் சில்லில். விளைவு என்னவோ அதே கறுப்புத் திரை. அந்தச் சில்லு தேயும் என்பது டங்ஸ்டன் இழை அறுந்துபோகும் என்பதைப் போலவே முன்கூட்டித் தெரிந்த விஷயம். தீர்வாகத் தயாரிப்பாளர் கொடுத்தது புதிய துணைப் பலகை. திரும்ப அழைப்பு வருவதற்கு முன்பே சில தனிக் கடைக்காரர்கள் சில்லை மட்டும் பெயர்த்து, தகவலை நகலெடுத்து, வேறொன்றைச் சால்டர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.