‘எஸ்டேட்’: ஒரு சொல், பல பொருள்

நம் மக்களுக்கு ‘எஸ்டேட்’ என்றால் தோட்டம்தான். ரப்பர், செம்பனை, லயத்து வீடு, கோயில் எல்லாம் அதில் அடக்கம். ‘நிலை’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேறு பொருள்களும் உண்டு.

வீடமைப்பு: ‘ஹவுசிங் எஸ்டேட்’ என்பது வீடமைப்புப் பகுதி, நாம் ‘தாமான்’ என்கிறோம். கிள்ளானில் பழைய புக்கிட் ராஜா தோட்ட நிலத்தில்தான் இன்று பண்டார் புக்கிட் ராஜா நகரம் நிற்கிறது.

அசையாச் சொத்து: பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் பலகைகளில் காணும் ‘ரியல் எஸ்டேட்’ நிலம், வீடு, கடை ஆகியவற்றைக் குறிக்கும்.

சட்டம்: இறந்தவர் விட்டுச்சென்ற வீடு, வங்கிப் பணம், வாகனம், நகை எல்லாம் சேர்ந்து அவரது ‘எஸ்டேட்’, மலாயில் ‘ஹர்த்தா புசாக்கா’. காலமான தந்தையின் பெயரோடு ‘எஸ்டேட் ஆஃப்’ என்று கடிதம் வந்தால், ‘நமக்கு ஏது எஸ்டேட்?’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் வாரிசுகள் நில அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். முன்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்த வரம்பு 15.7.2024 முதல் உயர்த்தப்பட்டது.