பாராளுமன்ற நடைமுறையும் செங்கோட்டைத் தாலுகாவும்

ஆனி, ஆடி மாதங்களிற் குற்றாலத்துச் சாரலை நாடி வரும் நம்மவர், அருவியாடித் தலை துவட்டுமுன்னே பேசத் தொடங்கும் விஷயங்களுள் அரசியல் முதன்மையானது. அப்பேச்சிலே தவறாது எழும் குறை ஒன்றுண்டு. டில்லிக்கு நாம் அனுப்பிய அங்கத்தினர் அங்கே என்னதான் செய்கின்றார்? இரைந்து பேசினாரா? வெளிநடப்புச் செய்தாரா? பத்திரிகையிற் படம் வந்ததா? இவற்றைக் கொண்டே அவரது உழைப்பை நிறுத்துப் பார்க்கின்றோம். பாராளுமன்றத்தின் அன்றாட அலுவல் விதிகளின் வழியே நடப்பது; இன்ன நாளில், இன்ன வடிவில், இன்ன அவகாசத்தோடு அறிவிப்புக் கொடுத்தவர்க்கே அங்கே வாய் திறக்க இடமுண்டு. இவ்வுண்மை நம்மிற் பலர்க்குப் புலப்படாமலிருப்பது வியப்பே. ஏனெனில், நமது ஜில்லாவின் எல்லைக்கோடே அவ்விதிகளின் வழியாக வரையப்பட்டதாகும்.

தென்காசிக்கு மேற்கே ஐந்து மைல் தொலைவிலுள்ள செங்கோட்டை, 1956-ஆம் ஆண்டு வரை வேறு ராஜ்யம். முன்னே திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் அத்தாலுகா அடங்கியிருந்தது. கொள்வினை கொடுப்பினையும் சந்தை வியாபாரமும் தென்காசியோடு; வரி செலுத்துவதும் வழக்காடுவதும் கொல்லம் ஜில்லாவோடு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு ராஜ்யத்திலும் தம்பி மற்றொரு ராஜ்யத்திலும் குடியிருந்த வீடுகள் நம்மவருள்ளும் பல.

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸார் நடத்திய கிளர்ச்சியும், அதன் தலைவராகிய நேசமணியவர்களின் தொண்டும், 1954 ஆகஸ்டில் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நேர்ந்த துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் யாவரும் அறிந்தவை. மேடைகளில் இவை அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால், அக்கிளர்ச்சியின் கோரிக்கை எவ்வாறு சட்டமாயிற்று என்பதை எடுத்துரைப்பார் அரியர். அதனையே ஈண்டு சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

1953 டிசம்பரில் இந்திய சர்க்கார் ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் ஒன்றை நியமித்தனர். பஸல் அலி தலைவர். குன்ஸ்ருவும், கேரளத்தவராகிய கே. எம். பணிக்கரும் ஏனை அங்கத்தினர். 1955 செப்டம்பர் 30-ஆந் தேதி அவர்கள் சமர்ப்பித்த அறிக்கையில், அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்னும் ஐந்து தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தைச் சேர வேண்டுமென்று கண்டிருந்தது. தேவிகுளம், பீர்மேடு பற்றிய கோரிக்கை ஏற்கப்படவில்லை. அறிக்கை வெளிவந்ததும் செங்கோட்டையார் மகிழ்ந்திருப்பர், மகிழ்வது இயல்பே. ஆயினும் கமிஷன் அறிக்கை என்பது ஆலோசனையேயன்றி ஆணையாகாது. எல்லையை மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 3-ஆம் ஷரத்தின்படி பாராளுமன்றத்துக்கே உரியது. அதற்குரிய மசோதாவை ராஷ்டிரபதியின் சிபாரிசின்றிப் பிரேரேபிக்கவும் இயலாது; சம்பந்தப்பட்ட ராஜ்யச் சட்டசபைகளின் அபிப்பிராயத்தை முன்னதாகக் கேட்டறியவும் வேண்டும்.

இங்கேதான் நடைமுறையின் நுட்பம் தோன்றுகின்றது. சட்டசபையின் அபிப்பிராயம் பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும், அபிப்பிராயமே சொல்லாமல் ஒரு சபை காலங்கடத்தினால் என் செய்வது? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டுமென்று மூல ஷரத்தில் வரையறை இல்லை. மறுப்பவன் ஓட்டால் தோற்பான். மௌனமாயிருப்பவனோ தோற்கவே மாட்டான்! ஆகையால் 1955 டிசம்பர் 24-ஆந் தேதி சட்டமாகிய ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தத்தினால், ராஷ்டிரபதி ஒரு கெடு விதிக்கலாமென்றும், அக்கெடு கடந்தபின் அபிப்பிராயம் வராவிடினும் மசோதாவைக் கொண்டுவரலாமென்றும் ஏற்பாடு செய்தனர். புனரமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இச்சிறு திருத்தத்தை மறந்துவிடுகின்றனர். நமது கருத்தில், கதவின் தாழ்ப்பாளை நீக்கியது இதுவே.

பின்னர் உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த் அவர்களின் பொறுப்பில் ராஜ்யப் புனரமைப்பு மசோதா லோக சபைக்கு வந்தது. சபாநாயகர் மவ்லங்கர் 1956 பிப்ரவரி 27-ல் காலமாகியிருந்தமையால், மார்ச் 8 முதல் அனந்தசயனம் அய்யங்கார் அவ்வாசனத்தில் அமர்ந்திருந்தார். மசோதா இரு சபைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்து, ஷரத்து ஷரத்தாகப் பரிசீலிக்கப்பட்டது.

ஷரத்து வாரியான பரிசீலனை என்பதன் பொருளை நம்மவர் நன்கு உணர்தல் வேண்டும். மசோதாவின் பொதுவான விவாதத்தில் ஓர் அங்கத்தினர் சேர சோழ பாண்டியர் காலந்தொட்டுப் பேசலாம். சபை கேட்டுக் கொண்டிருக்கும். ஷரத்துகளை எடுக்கும்போதோ வீரவசனத்துக்கு இடமில்லை. இன்ன வரியில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க வேண்டுமென்று முன்னதாக எழுத்து மூலம் திருத்தம் கொடுத்திருக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கப்பட்டதும் விதிகளுக்கு இசைந்ததுமாகிய திருத்தம் சபைமுன் வைக்கப்பட்டு, ஆம், இல்லை என்று தீர்மானமாக வேண்டும். அன்றைய லோக சபையில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைந்த அங்கத்தினர். அவர்களுள் செங்கோட்டையை நேரிற் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? பம்பாயின் கதியும் பஞ்சாபின் கதியும் தூங்கவொட்டாது அலைத்த அக்காலத்தில், மலையடிவாரத்து ஒரு தாலுகாவுக்குச் சபையின் கவனத்திற் பங்கு கிடைத்தது, ஷரத்துகளைத் தனித்தனியே எடுக்க வேண்டுமென்னும் விதி ஒன்றினாலேயே.

இன்னுமொன்று. எல்லை மாற்றுவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 4-ஆம் ஷரத்து அதனை அரசியல் சட்டத் திருத்தமாகக் கருதலாகாதென்று கூறுகின்றது. ஆனால் ஏ, பி, சி என்ற ராஜ்ய வகுப்புகளை ஒழித்தல் முதலியவற்றுக்கு ஏழாவது திருத்தம் வேண்டியிருந்தது. அதற்கு வந்திருந்து ஓட்டளிப்போரில் மூன்றில் இரு பங்கினரும், சபையின் மொத்தத் தொகையில் பாதிக்கு மேற்பட்டோரும் இசைய வேண்டும். ஒரு காரியத்தை இரு மசோதாக்களாகப் பிரித்து, இருவேறு வாயில்களின் வழியே கொண்டுசென்றனர். 1956 ஆகஸ்டு 31-ல் புனரமைப்புச் சட்டத்துக்கு ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைத்தது. நவம்பர் 1-ஆந் தேதி தென்கோடித் தாலுகாக்கள் நான்கும் கன்னியாகுமரி ஜில்லாவாயின. செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவில் இணைந்தது. கணவாய்க்கு அப்பாலுள்ள ஆரியங்காவு இன்றும் கேரளத்தையே சார்ந்துள்ளது. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவானபோது செங்கோட்டை அதனுள் அமைந்தது.

இனி அன்றாட அலுவலைக் காண்போம். லோக சபை பகல் பதினொரு மணிக்குக் கூடும். சபையில் 543 ஸ்தானங்கள். பத்திலொரு பங்காகிய 55 பேரேனும் இருந்தால்தான் கோரம். முதல் மணி நேரம் கேள்விகளுக்குரியது. இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேள்வி கேட்க மட்டும் அனுமதி கிடைத்தது. பதிலைக் கேட்டுவிட்டு வாய்மூடி அமர வேண்டியதே. 1909-ல் கேள்வி கேட்டவர் துணைவினா எழுப்ப இடம் ஏற்பட்டது. அந்தச் சிறு துவாரத்தைத் தமிழ்நாட்டுச் சத்தியமூர்த்தி அவர்கள் 1935 முதல் மத்திய சட்டசபையிலே எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். கையில் அதிகாரம் ஒன்றுமில்லாதவர், வினாவையே ஆயுதமாக்கி வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணற அடித்தார்.

இன்று ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் இருபது, அவற்றுக்கு மந்திரி எழுந்து நின்று விடையிறுக்க வேண்டும், துணைவினாவும் உண்டு. குறியில்லாத வினாக்கள் 230 வரை. அவற்றுக்கு எழுத்து மூலம் விடை மட்டுமே. பதினைந்து நாள் முன்னரே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். எவருடைய வினா முன்னே நிற்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஆகவே, நேற்று நம்மூரில் நிகழ்ந்ததைப் பற்றி இன்று கேள்வி நேரத்திற் கேட்கவில்லையே என்று அங்கத்தினரை நோவது பொருந்தாது. அதற்கெனப் பூஜ்ய நேரம் என்றொன்று உண்டு. விதிப் புத்தகத்தில் அப்பெயர் இல்லை, வழக்கத்தால் வளர்ந்தது. 377-ஆம் விதியின்படி ஒரு விஷயத்தை எழுதிக்கொடுத்துச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவருவதும் உண்டு. 2020 செப்டம்பர்க் கூட்டத்திற் கேள்வி நேரத்தையே நிறுத்திவிட்டனர். கொள்ளைநோயை முன்னிட்டுச் செய்ததாகக் கூறினராயினும், நமக்கு அது உவப்பாக இல்லை. மற்ற அலுவல்கள் நடந்த நாட்களில் வினாவுக்கு மட்டும் நோய் பரவுமோ?

பணவிஷயத்தில் விதிகள் இன்னும் கடுமையாக வேலை செய்கின்றன. செங்கோட்டையினின்று ஆரியங்காவு மலை வழியாகப் புனலூர் செல்லும் ரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. அதனை அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ல் நிறுத்தி, 2018-ல் மீண்டும் திறந்தனர். எட்டாண்டுக் காலம் மலைக்கு இருபுறமும் உள்ள வியாபாரிகள் பட்ட சிரமம் நாம் அறிந்ததே. இத்தகைய வேலைக்குப் பணம் எங்கே தீர்மானமாகின்றது? 1924 முதல் ரயில்வேக்குத் தனி வரவு செலவுத் திட்டம் இருந்தது. 2017-ல் அது பொதுத் திட்டத்தோடு கலந்துவிட்டது. இலாகாவின் மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது, அங்கத்தினர் நூறு ரூபாய் குறைக்க வேண்டுமென்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நூறு ரூபாய் ஒரு பொருட்டன்று. அதன் பேரால் தம் தொகுதியின் குறையைப் பேச உரிமை கிட்டுகின்றது என்பதே அதன் சூக்ஷ்மம்.

அவ்விவாதத்துக்கும் நாள் கணக்குண்டு. ஒதுக்கிய நாட்களின் இறுதியில், பேசப்படாத கோரிக்கைகளையெல்லாம் ஒருங்கே ஓட்டுக்கு விட்டு முடிப்பர். பிரெஞ்சு தேசத்துத் தலைவெட்டும் யந்திரத்தின் பேரால் அதனைக் கில்லட்டின் என வழங்குவர். 2018 மார்ச்சில், சபையிற் கூச்சல் ஓயாமையால், கோரிக்கைகள் யாவும் விவாதமின்றியே அந்த யந்திரத்துக்கு இரையாயின. நமது மலைப்பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்! கூச்சலிட்டவர்களை அவரவர் ஊரார் வீரரென்று மெச்சியிருக்கலாம். அந்தக் கூச்சலினால் இழந்தது மந்திரியைக் கேட்கும் வாய்ப்பே. மந்திரிக்கோ யாதொரு நஷ்டமுமில்லை. இரைச்சலுக்கு அப்பால் கோரிக்கைகளை ஆராய 1993 முதல் நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. 2004 முதல் அவை 24. அவற்றில் உழைக்கும் அங்கத்தினரின் படம் பத்திரிகையில் வருவதில்லை.

விதியைக் கற்க வருஷங்கள் பிடிக்கும். தென்காசித் தொகுதி, எம். அருணாசலம் அவர்களை 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு முறை தேர்ந்தெடுத்தது. அவர் மத்திய மந்திரியாகவும் இருந்தார். கட்சிகளைப் பற்றி நமது சங்கம் அபிப்பிராயம் கூறுவதில்லை. நீண்டகாலம் இருந்தவர்க்குச் சபையின் இண்டு இடுக்கெல்லாம் தெரியும் என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

மந்திரியாகாதவரும் சட்டம் பிரேரேபிக்கலாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தனி அங்கத்தினர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. 1970-க்குப் பின் அத்தகைய மசோதா எதுவும் சட்டமாகவில்லை. அந்நேரத்தில் ஊருக்குப் புறப்பட்டுவிடும் அங்கத்தினரே மிகுதி. ஆயினும், திருநங்கையர் முதலானோரின் உரிமை பற்றித் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் ராஜ்ய சபை ஏகமனதாக நிறைவேற்றியது. லோக சபையில் அது நிறைவேறாமற்போயினும், சர்க்கார் தாமே ஒரு மசோதா கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்க நேர்ந்தது. சர்க்காரின் சட்டம் சிவாவின் மசோதாவினும் குறைந்ததென்று அம்மக்களே குறை கூறினர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. எனினும் யாரும் பேசாத விஷயம் பேசப்பட்டது, ஒரு வெள்ளிக்கிழமையை வீணாக்காமையாலன்றோ?

நமது சங்கத்தின் ஆண்டு மகாசபைகளிலே தீர்மானங்கள் நிறைவேற்றி டில்லிக்கு அனுப்புகின்றோம். அவை ஏதோ ஒரு காரியாலயத்தில் கட்டோடு கட்டாகக் கிடக்கும். லோக சபையில் மனுக் குழு என்றொன்று இருப்பதும், குடிமக்கள் யாவரும் அதன் வாயிலாகச் சபைக்கே மனுச் செய்துகொள்ளலாமென்பதும் நம்மவர் பலர் அறியார். மனு விதித்த வடிவில் இருத்தல் வேண்டும். நியாயஸ்தலத்தின் முன் உள்ள விவகாரம் கூடாது. ஓர் அங்கத்தினர் மேலொப்பமிட வேண்டும். மனுதாரர் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், எழுத்தறியாதார் கைந்நாட்டு வைக்கலாம். மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டுமென்பது விதி. தமிழில் எழுதினால், அவ்விரு பாஷைகளுள் ஒன்றில் மொழிபெயர்ப்பையும் கையொப்பமிட்டு உடன் இணைத்தனுப்ப வேண்டும்.