செஞ்சி: கோட்டையும் புறமும்

செஞ்சி என்றவுடன் நம் நினைவில் எழுவது தேசிங்குராசன் கதையே. பாராசாரிக் குதிரையின் குளம்பொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு. ஆயினும் அவன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. சில நூற்றாண்டு வரலாற்றைச் சில திங்கள் ஆட்சி மறைத்து நிற்கும் விந்தையை எண்ணியவாறே, மாணவியர் சிலருடன் அண்மையில் ஒரு நாள் அவ்வூரைச் சுற்றிவந்தேன்.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய முக்குன்றுகளையும் இணைத்து மதில் ஓடுகின்றது. ஏறத்தாழ 800 அடி உயர்ந்த இராசகிரியின் உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பாறைப் பிளவொன்று வழிமறிக்கின்றது. அதன்மேல் அமைந்த சிறு பாலத்தை அகற்றிவிட்டால் பெரும்படையும் கீழே நின்றுவிட வேண்டியதே. மலையடியில் கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் வேங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலப் பெருவாழ்வுக்குச் சான்று பகர்கின்றன.

ஆனந்தக் கோன் என்னும் ஆயர்தலைவன் 1200ஆம் ஆண்டளவில் இங்கு முதல் அரண் அமைத்தான் என்பது மரபுவழிச் செய்தி. விசயநகரத்தின் கீழ்ச் செஞ்சி நாயக்கர் ஆண்டனர். பின்னர்ப் பீசப்பூர்ப் படை கைப்பற்றியது. 1677இல் சிவாசி வென்றார். அவர் மைந்தர் இராசாராம் 1689இல் இங்கு அடைக்கலம் புகுந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. அதற்குள் இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கோட்டையைக் கைக்கொண்டனர்.

இதனைக் கேட்ட மாணவி ஒருத்தி, "இத்தனை பேரும் வென்றார்கள்; ஊர் ஏன் அம்மா தோற்றவனைப் பாடுகிறது?" என வினவினாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபர் 3ஆம் நாள் களத்தில் வீழ்ந்தவன் தேசிங்கு. அவன் தமிழனல்லன், புந்தேல இராசபுத்திரன். அவனுக்காக மணப்பந்தலை விட்டெழுந்து வந்து உயிர்துறந்த நண்பன் மாவத்துக்காரனோ இசுலாமியன் எனக் கதைப்பாடல் கூறும். குலமும் சமயமும் மொழியும் பாராது நட்பையும் மானத்தையும் மட்டுமே நிறுத்துப் பார்த்தனர் நம் மக்கள். அவ்வினாவுக்கு இதுவே விடையென மலையிறங்குங்கால் உணர்ந்தேன்.

வடக்கே சிங்கவரத்தில் குடைவரையுள் பள்ளிகொண்ட அரங்கநாதர், தேசிங்கு போருக்கு விடைபெற்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பர். அதே திசையிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் அணிவகுத்துள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி அங்கே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. 5, 6ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர்க்குக் கிடைத்தற்கரிய செல்வமாகும். விழுப்புரம் செல்லும் வழியில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மும்மூர்த்திகளுக்கு மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் கோயில் உள்ளது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் திருமடம் இன்றும் விளங்குகின்றது. மேலச்சேரியின் திரௌபதியம்மன் கோயிலோ அவ்வழிபாட்டின் தாயகமாகப் போற்றப்படுகின்றது.

மராட்டியப் படையியல் நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாக, 2025 சூலைத் திங்களில் செஞ்சி உலக மரபுச் சின்னமாயிற்று. தமிழகத்திலிருந்து அத்தொகுதியில் இடம்பெற்றது இஃது ஒன்றே. மகிழ்வோம். ஆனால் மராட்டியர் இங்கிருந்த காலம் இருபத்தோராண்டே. அப்பெயரால் வருவோர் இராசகிரியைக் கண்டு திரும்பிவிடின், சந்திரநந்தியின் பாறையை யார் காண்பர்? காண்போரில்லாக் கல்லெழுத்துக்குக் காவலரும் இல்லாதொழிவர்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் எனக்கோர் ஆவல் உண்டு. ஆண்டுக்கொரு நாளேனும் நாம் அக்குன்றின் அடியில் கூடுவோம். இளையோரை அழைத்துச் சென்று அவ்வெழுத்துகளைப் படித்துக் காட்டுவோம். மதில்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வலிமையுடையன. பாறைமேல் கிடக்கும் அந்தச் சில வரிகளைக் காக்கவேண்டியவர் நாமே.